கனமில்லாத பூட்டு

2019-இல் மைக்ரோஸாப்ட் கம்பெனி அறிமுகப்படுத்திய ஹோலோலென்ஸ் 2 என்ற கண்ணாடியில், எதிரே வெறும் வெளியில் ஒரு பூட்டைத் தோன்றச் செய்யலாம். வெறுங்கையாலேயே அதைப் பிடித்துத் திருப்பலாம்; விரல்களின் அசைவைக் கண்ணாடியே கவனித்துக்கொள்கிறது. அற்புதந்தான், சந்தேகமில்லை.

அதே ஆண்டில்தான் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டை வாங்கப் போகும் கீரனூர்க்காரர் முதலில் என்ன செய்வார்? கையில் தூக்கிக் கனம் பார்ப்பார். பிறகு சாவியைத் திருகி, உள்ளே லீவர் நகரும்போது ஏற்படும் சிறு தடங்கலை விரலால் உணர்ந்து பார்ப்பார். அவருடைய தீர்ப்பு முழுவதும் அந்தத் தடங்கலில் இருக்கிறது.

கண்ணாடிப் பூட்டில் அது இல்லை. ஓசையாலும் ஒளியாலும் ஈடுசெய்யப் பார்க்கிறார்கள். கண்ணும் காதும் ஏமாறச் சம்மதிக்கலாம், கை சம்மதிப்பதில்லை. எதிர்த்து நிற்காத பொருளை அது பொருளென்றே ஒப்புக்கொள்ளாது. ஆகவே இதைக் காட்சிக் கலையின் வெற்றி என்று பாராட்டலாம். கைக்கு இன்னும் எதுவும் கிடைத்துவிடவில்லை.