விளம்பரமாகிப் போன எச்சரிக்கை

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோயின. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத பழைய கணினிகள் புதுச்சேரி வீடுகளில் ஏராளம். அவற்றை வைத்திருப்பவர்களுக்குக் கடைக்காரரும் சொல்கிறார், கணினி தெரிந்த உறவுக்காரரும் சொல்கிறார்: "நல்ல ஃப்ரீ ஆன்டிவைரஸா ஒண்ணு போட்டுக்குங்க, வீட்டு யூஸுக்கு அது போதும்." அக்கறையோடு சொல்லப்படும் இந்த ஆறுதல் பிழையானது. இலவச ஆன்டிவைரஸுக்குரிய மதிப்பை நான் மறுக்கவில்லை. பிரவுசிங் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் செருகி எடுத்த பென்டிரைவ் வழியே வந்து, ஃபோல்டர்களையெல்லாம் மறைத்து ஷார்ட்கட்டாக்கிய வைரஸ்களிடமிருந்து நூற்றுக்கணக்கான ரூபாய் சந்தா கட்ட முடியாத வீடுகளைக் காப்பாற்றியது அதுதான். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வகங்களின் சோதனைகளில் இலவசத் தொகுப்புகள் நல்ல மதிப்பெண் வாங்குவதும் உண்மை. வைரஸைப் பிடிக்கும் திறனில் அவற்றுக்குப் பெரிய குறை சொல்ல முடியாது.

ஆனால் இயங்குதளத்தில் உள்ள ஓட்டையை எந்த ஆன்டிவைரஸும் அடைப்பதில்லை; அதைத் தயாரித்தவர்தான் அடைக்க முடியும். வீட்டுப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஓராண்டு நீட்டிப்புத் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. பழைய கணினிக்கு முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். அதோடு, 2012-இல் வெளியான விண்டோஸ் 8 முதலே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கணினியோடு கூடவே வருகிறது. வேறொரு தொகுப்பை இன்ஸ்டால் செய்ததும் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். அதாவது, கடைக்காரர் போட்டுக் கொடுக்கும் இலவசத் தொகுப்பு ஏற்கெனவே இருந்த காவலின் இடத்தில்தான் வந்து உட்காருகிறது. அப்படி உட்கார்ந்து அது கூடுதலாகக் கொண்டுவருவது என்ன என்பதுதான் கேள்வி.

அது கொண்டுவருவது, திரையின் வலது கீழ் மூலையில் எழும் அந்தப் பெட்டியை. வைரஸ் பிடிபட்டால் அங்கேதான் செய்தி வரும். அதே இடத்தில், அதே வடிவில், 'உங்கள் கணினி வேகம் குறைந்திருக்கிறது', 'உங்கள் இருப்பிடம் வெளியே தெரிகிறது', 'இன்றைக்குள் வாங்கினால் அறுபது சதவீதம் தள்ளுபடி' என்றும் வரும். ஸ்கேன் முடிந்ததும் வைரஸ் எதுவும் இல்லை என்று ஒரு பச்சைக் குறி; அதற்கு அடுத்த திரையிலேயே 'தீவிரமான சில சிக்கல்கள் உள்ளன' என்று ஒரு பட்டியல். அந்தச் சிக்கல்கள் என்னவென்று பார்த்தால், பணம் கட்டினால் மட்டும் கிடைக்கும் வசதிகள் இந்தக் கணினியில் இல்லை என்பதுதான். 'சரிசெய்' என்ற பொத்தானை அழுத்தினால் நேரே பணம் கட்டும் பக்கம். விற்காத சரக்கை நோய் என்று பெயர் மாற்றிக் காட்டுவது இது. என் ஆட்சேபம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. எச்சரிக்கை என்பது பாதுகாப்பின் கடைசி ஆயுதம். அதை வியாபாரத்துக்கு எடுத்துச் செலவழித்துவிட்டால், ஆபத்து நிஜமாக வரும் நாளில் சொல்வதற்கு அந்த மென்பொருளிடம் ஒன்றும் மிஞ்சாது. நாளுக்கு நாலு முறை பொய்யாகப் பதறவைக்கும் பெட்டியைப் படிக்காமலே மூடும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. மூடத் தெரியாதவர்கள் பயப்படுகிறார்கள். இரண்டுமே கெடுதல்.

பயப்படுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள், பாரிஸில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவதற்காகவே கணினி வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் பலர். ஒரு நாள் உலாவியில் ஒரு பக்கம் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, 'வைரஸ் தாக்கியிருக்கிறது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று அலறினால், அது மோசடி என்று அவர்கள் எதை வைத்துக் கண்டுகொள்வார்கள்? நிறமும் அவசரமும் பணம் கேட்கும் தோரணையும் ஏற்கெனவே பழகியவைதானே! போலித் தொழில்நுட்ப உதவி மையங்கள் இந்தியாவிலிருந்தே நடக்கின்றன. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகாரின் பேரில் சி.பி.ஐ. 2023-இல் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் அவற்றைச் சோதனையிட்டது. பெயர்பெற்ற நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் நடந்த கணினிப் பரிசோதனையில் வைரஸ் அறிகுறி உண்டா இல்லையா என்பதை முடிவுசெய்தது ஸ்கேன் அல்ல. வாடிக்கையாளரிடம் தொடக்கத்தில் கேட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில். அந்நிறுவனமும் மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட் டாட் காமும் 2019-இல் மொத்தம் 3.5 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டன. இலவச ஆன்டிவைரஸ் இப்படி ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றுகிறவன் பேசும் அதே பேச்சை நம் வீட்டாருக்கு அன்றாடம் பழக்கிக் கொடுக்கிறது என்கிறேன்.

மூலைப் பெட்டியின் வழியே நம் விவரங்களைச் சேகரிக்க அனுமதியும் கேட்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அந்த விவரங்கள் எங்கே போகும் என்பதற்கு, இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனத்தின் கதை சான்று. பின்தொடர்வோரைத் தடுப்போம் என்று விளம்பரம் செய்த அந்நிறுவனம், குறைந்தது 2014 முதலே பயனர்கள் எந்தெந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்ற விவரத்தைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் மூலம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு விற்றது. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் அம்பலப்படுத்திய பிறகே ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டவைத்தது. அதே ஆண்டு செக் நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அலுவலகமும் அபராதம் போட்டது. பாரிஸில் இருக்கும் மகனுக்கு 2018 முதல் ஐரோப்பியத் தரவுச் சட்டத்தின் காவல் உண்டு. புதுச்சேரியில் இருக்கும் தாய்க்கு 2023-இல்தான் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அது முழுதாக நடைமுறைக்கு வரும்வரை, புரியாத ஆங்கிலத்துக்கு அழுத்தும் 'சரி'தான் ஒப்புதலாகக் கணக்காகிறது.

பணம் கொடுக்காதவர் விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்ளத்தானே வேண்டும், நாளிதழிலும் விளம்பரம் வருகிறதே என்பார்கள். நாளிதழ் தன் விளம்பரத்தை 'உங்கள் வீடு தீப்பற்றி எரிகிறது' என்று தலைப்புச் செய்தியாகப் போடுவதில்லை. விளம்பரம் இருக்கட்டும்; எச்சரிக்கையின் உடையில் வரக் கூடாது. டிஃபெண்டர் மட்டும் யோக்கியமா என்றும் கேட்பார்கள். ஒன்டிரைவைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அதிலும் மஞ்சள் குறி எழுகிறது. அதுவும் இதே கண்டனத்துக்கு உரியதுதான். அளவில்தான் வேறுபாடு, அந்த வேறுபாடு பெரியது. இலவசம் என்றாலே இப்படித்தான் என்பாரும் உண்டு. அப்படியில்லை. கிளாம்ஏவி என்ற கட்டற்ற மென்பொருள் பல ஆண்டுகளாக அஞ்சல் சர்வர்களில் ஓசையில்லாமல் வேலை செய்கிறது. லினக்ஸையும் கட்டற்ற மென்பொருளையும் இதே புதுச்சேரியில் ஒரு தன்னார்வ இயக்கம் இளைஞர்களிடம் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் 2017 முதல் இலவசத் துப்புரவுக் கருவிகளைக் கொடுக்கிறது. இவற்றில் எதுவும் மூலையில் எழுந்து விலை பேசுவதில்லை. கோளாறு இலவசத்தில் இல்லை, பயமுறுத்திப் பிழைப்பதில் இருக்கிறது.

இதைத் தட்டிக் கேட்கச் சட்டம் இல்லாமலும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் அறிவித்த வழிகாட்டு நெறிகள், இணைய வியாபாரத்தின் பதின்மூன்று ஏமாற்று உத்திகளைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. பொய்யான அவசரம், விடாத நச்சரிப்பு, வேடமிட்ட விளம்பரம், வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்திப் போலிக் கருவிக்குப் பணம் பறிப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் மூலைப் பெட்டிகளை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆணையம் யாருடைய புகாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தானாகவே விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. நமக்கோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பெட்டி எழும்போது அதை மூடுவதற்கு முன் திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டால், புகாருக்கு வேண்டிய ஆதாரம் கையில் வந்துவிடும்.