டிரைப்பின் தஞ்சைப் படத்தில் பொழுது
ஒளிப்படம் ஒரு கணத்தை நிறுத்திக் காட்டுவது என்பது பொதுக்கருத்து. லின்னேயஸ் டிரைப் 1858ஆம் ஆண்டில் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் விமான அடித்தளக் கல்வெட்டுப் படம் இதற்கு உடன்படவில்லை. சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக விளங்கிய அவர், 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்தில் அதனை அமைத்தார். இதனைக் கல்வெட்டுப் படியாக மட்டும் கருதுவது பொருந்தாது. மைப்படியில் எழுத்து உண்டு, பொழுது இல்லை. (நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள் என்பது தொல்காப்பிய நெறி.) டிரைப்பின் படத்திலோ ஒவ்வொரு துண்டும் தனித்தனியே ஒளியேற்றது, ஆகவே தனித்தனிப் பொழுது உடையது. இராசராசன் காலத்து எழுத்தை வரிவழியே தொடரும் கண், கோயிலின் ஓரமாக நடப்பவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் அடைகிறது. எழுத்தின் தெளிவே அவர் நோக்கமாக இருந்திருக்கலாம். எனினும் 20 இணைப்புகளிலும் ஒரு பொழுது முடிந்து மற்றொன்று தொடங்குகிறது. ஓரிரு துண்டுகளை மட்டும் வெட்டியெடுத்து அச்சிடுவோர் முதலில் இழப்பது அதனையே.