தசைச் சுருக்கம்: ஒரு சொல் மறைக்கும் பாதி

போன மாதம் அம்மா மாடிப்படி ஏறும்போது பெரிதாகச் சிரமப்படவில்லை. இறங்கும்போதுதான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஏறியாச்சு, இறங்குறதுக்கு என்னம்மா பயம்?" என்று கேட்டேன். அது எவ்வளவு தப்பான கேள்வி என்று பிறகு படித்துத்தான் தெரிந்தது. தப்பில் பாதி என்னுடையது. மீதி, பள்ளியில் படித்த 'தசைச் சுருக்கம்' பாடத்துடையது.

பாடம் எப்படிப் போகும்? எலும்புத்தசை, அதற்குள் தசைநார், அதற்குள் நுண்ணிழைகள். ஒவ்வொரு நுண்ணிழையும் சார்கோமியர் என்ற சின்னச் சின்ன அலகுகளின் வரிசை. தடித்த மயோசின் இழைகளுக்கு நடுவே மெல்லிய ஆக்டின் இழைகள் வழுக்கி உள்ளே வரும், தசை சுருங்கும். இதுவரை சரிதான். 1954 மே மாத நேச்சர் இதழில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி–நீடர்கெர்கே, ஹியூ ஹக்ஸ்லி–ஜீன் ஹான்சன் என இரண்டு ஜோடிகள் அடுத்தடுத்து எழுதியதும் இதைத்தான். தசை குட்டையாகும்போதும் ஏ-பட்டையின் நீளம் மாறுவதில்லை. அதாவது இழைகள் சுருங்கவே இல்லை, ஒன்றின்மேல் ஒன்று நகர்கின்றன.

என் குறை அடுத்த பக்கத்தில். வகைகள் என்று வந்ததும் பல பாடநூல்கள் இரண்டோடு முடித்துவிடுகின்றன. எடையைத் தூக்கினால் ஐசோடோனிக், சுவரைத் தள்ளினால் ஐசோமெட்ரிக். சரி, தூக்கிய எடையை மெதுவாக இறக்கும்போது? அப்போதும் அதே தசைதான் இழுத்துப் பிடிக்கிறது, ஆனால் நீண்டுகொண்டே. இதற்குப் பெயர் எக்சென்ட்ரிக். 'நீளும் சுருக்கம்' என்று தமிழில் எழுதினால் சிரிப்புதான் வரும். உண்மையில் சுருக்கம் என்பது இழுவிசை உண்டாவது. நீளம் குறையுமா, அப்படியே இருக்குமா, கூடுமா என்பது எதிரே இருக்கும் சுமையையும் பொறுத்தது.

இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. 1952-ல் ஆபட், பிக்லேண்ட், ரிச்சி மூவரும் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்துச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்கணும், மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலைத் தடுக்கணும். இருவரின் விசையும் சமம். ஆனால் தடுத்தவருக்குச் செலவான ஆக்சிஜன் மிகவும் குறைவு. நீளும் தசை குறைந்த செலவில் அதிக விசையைத் தாங்குகிறது. இதை இரண்டு இழைப் படம் மட்டும் முழுசாக விளக்காது. டைட்டின் என்ற ஸ்பிரிங் மாதிரியான மூன்றாவது இழையையும் இன்று கணக்கில் எடுக்கிறார்கள்.

படி இறங்கும்போது மேல்படியில் நிற்கும் காலின் முன்தொடைத் தசை, நீண்டுகொண்டே மொத்த உடம்பையும் தாங்குகிறது. அது தளர்ந்தால் உடம்பு பொத்தென்று இறங்கும். அம்மா பயந்தது அதற்குத்தான். "நாற்காலியில மெதுவா உட்காருங்க, அதுதான் பயிற்சி" என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது, உட்காருவதெல்லாம் ஒரு பயிற்சியா என்று நினைத்தவன் நான்.

சொல்லை மாற்றச் சொல்லவில்லை. 'இழுப்பு' என்று வைத்தால் ஆஸ்துமாதான் ஞாபகம் வரும். பாடத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: தசை நீளும்போதும் வேலை செய்யும்.

அம்மா இன்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். நான் இப்போது ஒரு படி கீழே நின்றுகொள்கிறேன்.