தனுஷ்கோடியின் படங்களில் யார் இல்லை?

தனுஷ்கோடியின் பழைய படங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் செய்வது நல்ல காரியம். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரையும் கடல் கொண்டுபோனது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டதால் ஊரை யாரும் திரும்பக் கட்டவில்லை. இன்று அங்கே போகிறவர் பவளக்கல் தேவாலயத்தின் மொட்டைச் சுவரையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பார்க்கலாம். தண்டவாளம் எங்கே முடிந்தது, பயணிகள் எங்கே கப்பல் ஏறினார்கள், தண்ணீர் எவ்வளவு தள்ளி இருந்தது என்பதையெல்லாம் அந்தச் சுவர்களை வைத்துச் சொல்ல முடியாது. பழைய படம் சொல்லும். எடுத்த ஆண்டும் நின்ற இடமும் தெரிந்தால், கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்றுகூட ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் அந்தப் படங்களில் இருப்பது யாருடைய தனுஷ்கோடி? 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரிலிருந்து வந்த போட் மெயில் ரயிலும், இலங்கையின் தலைமன்னாருக்குப் போன இர்வின், கோஷன் கப்பல்களும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தன. கேமராவும் அவற்றின் பின்னாலேயே வந்தது. அதனால் கப்பல்துறை, ரயில், பெட்டி படுக்கையோடு நிற்கும் பயணிகள் எல்லாம் படத்தில் உண்டு. கரைவலை இழுத்தவர்களும் கருவாடு காயவைத்த பெண்களும் இருந்தால் ஓரத்தில் இருப்பார்கள், பெயர் இல்லாமல். அவர்கள் வீட்டில் ஒரு கல்யாணப் படம் இருந்திருந்தாலும் அது புயலோடு போயிருக்கும். வெளியூருக்குப் போன படங்களே பெரும்பாலும் தப்பின. வந்துபோனவர்கள் பார்த்த ஊரைத்தான் நாம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இதை ஊரின் முழு வரலாறு என்று சொல்வது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இதைவிட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. இடிந்த சுவர்களை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டி, ஆளில்லாத ஊர், பேய் நகரம் என்று எழுதிவிடுகிறோம். அங்கே இன்றும் ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன, கரைவலையும் இழுக்கிறார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் வண்டி வண்டியாக ஆட்கள் போகிறார்கள். அவர்களும் சுவரைத்தான் படமெடுக்கிறார்கள். இருக்கிறவர்களை இல்லாதவர்களாக்க ஒரு படம் போதும்.

இதற்காகச் சேகரிப்பையே கைவிட வேண்டியதில்லை, சேகரிக்கும் முறை மாறினால் போதும். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் குடும்பப் படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் தேடி எடுத்து எண்ணிம வடிவில் பாதுகாத்தார்கள். சாதாரண வீட்டுப் படமும் ஆவணம்தான் என்று ஏற்றுக்கொண்ட வேலை அது. தனுஷ்கோடிக்கும் அப்படியொரு தேடல் வேண்டும். அதோடு, கிடைத்த படத்தை வயதானவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் சொல்வதை அவர்கள் குரலிலேயே பதிவு செய்ய வேண்டும். இது யாருடைய வத்தைப் படகு, இந்த மீன்பிடி இடத்துக்கு என்ன பெயர், பின்னால் நிற்பது எந்தத் தெரு என்று படம் தானாகச் சொல்லாது. புயல் வந்தபோது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது.

ராமேசுவரத்திலோ பாம்பனிலோ தலைமன்னாரிலோ உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்த ஊர்ப் படம் ஒன்று கிடக்கலாம். உப்புக் காற்றும் பூஞ்சையும் அரிப்பதற்குள் அதை நகலெடுத்து வையுங்கள். படத்தில் இருப்பவர் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.