கறையைக் கடக்கும் கோடு

தேயிலைச் சாயமும் கறுப்பு மையும் கொண்டு வரையும் மலையக ஓவியர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் வாசகர்களுக்குக் கண்காட்சிப் பட்டியலோ படங்கள் விலைபோன விவரமோ தேவையில்லை. பேசவேண்டியது, அப்படங்கள் எல்லாராலும் ஒரே விதமாகத் தவறாக வாசிக்கப்படுவதைப் பற்றியே. 1823 முதல் கணக்கிடப்படும் தோட்ட வரலாற்றின் துயரத்துக்குச் சாட்சியாக மட்டும் அவற்றைக் கொள்கிற விமர்சனம், பழுப்புக் கறையைக் கண்டதும் கண்ணீர் என்கிறது. சாய்ந்த கோட்டைக் கண்டதும், 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளை, புதைத்த மண்சரிவை நினைத்து அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த நினைவு நியாயமானது. ஆனால் கை என்ன செய்தது என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

அவர்களுள் ஒருவரைப் பெயர் சுட்டாமல் எடுத்துக்கொண்டால், அவரது ஆற்றல் முழுவதும் ஒரே தீர்மானத்தில் தங்கியிருப்பது புலப்படும்: சாயம் எந்த அளவு காய்ந்தபின் பேனா தாளில் இறங்கவேண்டும் என்பதே அது. ஈரத்தில் இறங்கினால் மை கசிந்து கோடு நூல்நூலாகப் பிரியும். காய்ந்தபின் இறங்கினால் கூர்மையாக நிற்கும். காயும்போது சாயத்தின் நுண்துகள்கள் ஓரத்துக்குச் சென்று சேர்வதால் கறையின் விளிம்பு நடுவைவிடக் கருத்துவிடுகிறது. அது ஓவியர் போடாத கோடு, ஆயினும் அவர் பதில் சொல்லியாகவேண்டிய கோடு. பழகாத கை அந்த விளிம்பை ஒட்டியே மலைமுகட்டை வரைந்து தப்பித்துக்கொள்ளும். இவரோ நடுவில் ஈரம் எஞ்சி ஓரம் உலர்ந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில் பேனாவை இறக்கி, தலையில் மாட்டிய கொழுந்துக் கூடையின் கயிற்றைக் கறைக்குள் கசியவிட்டு, விளிம்பைக் கடந்ததும் ஊசிமுனையாக இழுத்து, வெற்றுத்தாளில் கையைத் தூக்கிவிடுகிறார். புகைக்கரியோடு அரக்குச் சேர்த்த மை காய்ந்தபின் கரையாது என்பதால் திருத்தத்துக்கு இடமே இல்லை. இதைத் துயரத்தின் வெளிப்பாடு என்று மட்டும் சொல்வது அந்தத் துணிவைச் சிறுமைப்படுத்துவதாகும்.

சாயத்தை வெறும் அடையாளமாக எண்ணுவோர் அதன் வேதியியலையும் மறந்துவிடுகின்றனர். கடுக்காயின் துவர்ப்போடு அன்னபேதி எனும் இரும்பு உப்பைச் சேர்த்து மை ஆக்கிய மரபு நம்முடையது. அதே வகைத் துவர்ப்பு தேயிலையிலும் இருப்பதால் இரும்பு சேர்ந்தால் அதுவும் கருக்கும். தேயிலை மைக்கு உறவுப்பொருளே.

இனி வரப்போவதைப் பற்றியும் துணிந்து சொல்லலாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட காற்று கொழுந்துக்குத் தனி மணம் தருவது அறிந்ததே. அக்காற்றில் தாளின் ஈரமும் விரைந்து வற்றுவதால், பசறையிலோ அப்புத்தளையிலோ அப்பருவத்தில் வரையப் பழகும் கை, ஈரமான ஊர்களில் பழகிய கையைவிட விரைவாகத் தீர்மானிக்கக் கற்கும். அடுத்த பத்தாண்டில் மலையகத்தின் மிகச் சிறந்த மைக்கோடு ஊவாவிலிருந்தே வரும். அதில் கூடையும் லயனும் குறைந்து, சரிவும் வெறுந்தாளும் மேலோங்கும்.

அதற்குப் பயிற்சி வேண்டும். காண்பியக் கலையைத் தமிழில் பட்டப்படிப்பாகக் கற்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ செல்லவேண்டியுள்ளது. தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. கோட்டோவியம் கற்கவும் அங்கு வழி திறக்கப்படவேண்டும்.