பெஹிஸ்தூனும் உத்திரமேரூரும்

பாரசீகத்துப் பெஹிஸ்தூன் மலையில் முதலாம் டேரியஸ் மன்னன் தன் வெற்றிகளை மூன்று மொழிகளில் வெட்டி வைத்தான். காலடியில் ஒருவன் கிடக்கிறான். எதிரே ஒன்பது பேர் கட்டுண்டு நிற்கிறார்கள். சிற்பம் அபாரந்தான். ஆனால் அது தரையிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழிப்போக்கன் அண்ணாந்து பார்க்கலாம். எழுத்தைப் படிக்க முடியாது.

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலும் எழுத்துத்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுச் சாசனங்கள் அவை. வெற்றிப் பெருமையல்ல, ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் விதிகள்: 30 குடும்புகள், குடவோலை, வயது 35-லிருந்து 70-க்குள். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் விலக்கு. நின்றபடியே பார்க்கலாம்.

அதற்காக, இன்றைய ஜனநாயகமே இங்கே பிறந்ததென்று மேடையில் முழங்குவதை நான் ஒப்பமாட்டேன். நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர் சபை அது. உழுதவன் பெயரும் பெண்ணின் பெயரும் குடத்தில் விழவில்லை. இதை மறைத்துவிட்டுப் பெருமை பேசினால், நாமும் டேரியஸைப் போல் எட்டாத உயரத்தில் எழுதுகிறவர்களாவோம். குறையோடு சேர்த்துப் படித்தாலும் கணக்குக் கேட்ட அந்த விதி நிற்கிறது. இன்றைய ஊராட்சிக்கு அது ஒன்று போதாதா?