உனக்கு என்ன வந்தது?

ப்ளஸ் டூ இங்கிலீஷ் பரீட்சை முடிந்த மத்தியானம் எந்த ஊர் ஸ்கூல் வாசலிலும் ஒரு குட்டிப் பார்லிமென்ட் கூடும். திருத்தணியில் கூடுதல் விசேஷம், விவாதம் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறி நடக்கும். 1960 ஏப்ரல் வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் அல்லவா! எந்த மொழியில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: ‘உனக்கு என்ன வந்தது?’

கணக்குப் பரீட்சை முடிந்தாலும் இதே கேள்விதான். கணக்கில் விடை ‘வரும்’, சரி. மொழியில் எப்படி வரும் என்று பசங்களைக் கேட்காதீர்கள். நாம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வாக்கியத்தைப் போடு, பின்னால் இருப்பதை முன்னால் கொண்டு வா, ‘பை’ சேர், விடை ரெடி. ‘ஹூ புரோக் த கிளாஸ்?’ என்பது ‘பை ஹூம் வாஸ் த கிளாஸ் புரோக்கன்?’ ஆகிவிடும். வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால் எந்த வெள்ளைக்காரனும் இப்படி விசாரிக்க மாட்டான். நம் பிள்ளைக்கு மட்டும் மார்க் உண்டு.

தலைமுறை தலைமுறையாக நமக்கு இந்த வித்தையைப் பழக்கிய புத்தகம் ‘ரென் அண்ட் மார்ட்டின்’. அந்த ரென், பம்பாயில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதிப் பெரும் புகழ் அடைந்தவரும் அவரேதான். பின்னாளில் இலக்கணப் புத்தகத்தைத் திருத்தி அமைத்தவர் என்.டி.வி.பிரசாத ராவ். விதிகளை அடுக்கியிருக்கும் நேர்த்திக்கு இன்றும் ஒரு சலாம் போடலாம். என் புகார் வேறு. படிக்கிறவனுக்கு ஏற்கெனவே ஒரு மொழி தெரியும் என்பதை அந்தப் புத்தகமும் கண்டுகொள்வதில்லை, அதன் வழியில் வந்த நம் கேள்வித்தாளும் கண்டுகொள்வதில்லை.

ஒரு மார்க் கேள்வி ஒன்றைப் பார்ப்போம். வாக்கியத்தின் வாலில் ஒரு குட்டிக் கேள்வியை ஒட்டச் சொல்வார்கள், ‘கொஸ்டின் டேக்’. தமிழில் ‘இல்லையா?’, தெலுங்கில் ‘கதா?’, எந்த வாக்கியத்துக்கும் அது ஒன்றே போதும். இங்கிலீஷில் ஆளுக்கும் காலத்துக்கும் தகுந்தபடி வாலை மாற்ற வேண்டும். ‘லெட் அஸ் கோ’ என்று கொடுத்து வாலைக் கேட்டால்? ஒருத்தி ‘ஷல் வீ?’ என்று எழுதியிருப்பாள். இன்னொருத்தி ‘வில் யூ?’ என்று எழுதியிருப்பாள். வாசலில் சண்டை.

யார் சொன்னது சரி? இருவருமே!

‘வாடி, மலைக்குப் போலாம்’ என்று தோழியைக் கூப்பிட்டால் ‘ஷல் வீ?’. ‘சார், எங்களை மலைக்குப் போக விடுங்க’ என்று வாத்தியாரிடம் கெஞ்சினால் ‘வில் யூ?’. முதலாவது ‘நாம்’, கேட்பவரையும் சேர்த்தது. இரண்டாவது ‘நாங்கள்’, கேட்பவர் அதில் இல்லை. இங்கிலீஷ்காரனுக்கு இரண்டுக்கும் ஒரே ‘வீ’, ஒரே ‘அஸ்’. அதனால் அவன் வாலை வைத்துப் பிரிக்கிறான். ‘லெட்ஸ்’ என்று சுருக்கிவிட்டால் சந்தேகமே இல்லை, அது ‘நாம்’ மட்டும்தான். கெஞ்சும்போது யாரும் ‘லெட்ஸ்’ சொல்வதில்லை.

தமிழில் நாம், நாங்கள். தெலுங்கில் மனம், மேமு. கால்டுவெல் 1856-ல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு எழுதியபோது கவனித்துச் சொன்ன விஷயம் இது. திருத்தணிப் பெண்ணுக்கு அது வாயில் இரண்டு தடவை இருக்கிறது, அம்மாவிடம் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று. அதைத் தொட்டுக் காட்டினால் ஒரே நிமிஷத்தில் விளங்கிவிடும். நாமோ ‘லெட் அஸ் வந்தா ஷல் வீ, மனப்பாடம் பண்ணு’ என்கிறோம்.

விடைக்குறிப்பு தயாரிப்பவர்களையும் திட்ட முடியாது. ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ப்ளஸ் டூ பிள்ளைகளின் தாள்களைத் திருத்த வேண்டும். திருத்துகிற ஒவ்வொருவரும் ஒரு நியாயம் பேசினால் வம்புதான். சில சமயம் இரண்டு விடையையும் ஏற்கலாம் என்று குறிப்பிலேயே போடுவதும் உண்டு. ஆனால் ஏன் இரண்டும் சரி என்பது அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேராது. பணம் கட்டி நகல் வாங்கினாலொழிய அவள் தன் விடைத்தாளையே மறுபடி பார்க்கப் போவதில்லை. அந்தக் கேள்வியைப் பற்றி நடக்கும் ஒரே வகுப்பு அந்த வாசல் சண்டைதான். அங்கே வாத்தியார் இல்லை. நாலு பேருக்கு ‘ஷல் வீ’ வந்திருந்தால் ‘வில் யூ’ எழுதியவள் தோற்றாள். போவது ஒரு மார்க் என்றால் பரவாயில்லை. ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்ற முடிவோடு அவள் பஸ் ஏறுகிறாள், அது காலேஜிலும் இன்டர்வியூவிலும் கூடவே வருகிறது.

1888-ல் இதே ஊரில், தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். வீட்டு மொழி யாருடைய இங்கிலீஷையும் கெடுப்பதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் பரீட்சை எழுதிவிட்டு வந்தால் ‘எத்தனை மார்க் வரும்?’ என்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ‘ஏன் அப்படி எழுதினே?’ என்று கேளுங்கள். பதில் தமிழில் வரட்டும், தெலுங்கில் வரட்டும். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இங்கிலீஷ் வரும்.